வினாத்தாளில் ‘நாம்’ எது, ‘நாங்கள்’ எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படைப்பாற்றல், தலைமைப் பண்பு, இரு பண்பாடுகளுக்கு நடுவே வாழ்வோரின் அடையாளம் ஆகியவற்றின் ஆய்வுக்கே தம் பணிக்காலத்தைக் கொடுத்த ஓர் உளவியல் பேராசிரியர் பற்றித் தங்கள் இதழில் கட்டுரை வந்தது. அதைப் படித்த முதுகலை மாணவர்கள், இந்தத் துறைக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். முதுகலை, நெட் என்னும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, குறைந்தது 3 ஆண்டு முனைவர் ஆய்வு என்ற வழி எல்லோருக்கும் தெரிந்ததே. அவர்கள் இடறி விழுவது வேறு இடத்தில். எங்கோ செய்த வினாத்தாளைத் தமிழாக்கி, அச்சடித்து, இராமநாதபுரம் கடற்கரையில் விநியோகித்துவிட்டு, வந்த எண்களை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

இந்தக் கரை ஆய்வுக்குக் கிடைத்த அரிய களம். மண்டபத்தில் இலங்கைத் தமிழர் முகாம். கீழக்கரையிலும் தொண்டியிலும் வீட்டுக்கொருவர் சபர் (பிழைப்புக்காக வெளிநாட்டுப் பயணம்) போய் வந்த குடும்பங்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஒரே படகில் உயிரைப் பகிர்ந்துகொள்ளும் தொழிலாளர்கள். முன்னணி அமெரிக்க உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே உள்ள மேற்கத்திய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008-இல் ஜெஃப்ரி ஆர்னெட் கணக்கிட்டுக் காட்டினார். மீதி உலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்தான். அதனால்தான் கருவி சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

அடையாள ஆய்வை எடுத்துக்கொள்வோம். மொழிபெயர்த்த வினாத்தாளைச் சோதிக்க, ஒருவர் தமிழாக்கியதை மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பது 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் வகுத்த முறை. நல்ல முறைதான். ஆனால் தமிழில் ஓர் ஓட்டை உண்டு. ‘நாம்’ என்று எழுதினாலும் ‘நாங்கள்’ என்று எழுதினாலும் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். ஒப்பிடுபவர் ‘பொருந்துகிறது’ என்று குறித்துவிடுவார். முகாமில் இருக்கும் இளைஞருக்கோ அந்த இரண்டு சொல்லுக்கும் இடையில்தான் கேள்வியே இருக்கிறது: கேட்பவரைச் சேர்த்துப் பேசுகிறாரா, விலக்கிப் பேசுகிறாரா? ஆகவே அதை வினாத்தாளில் நாமே எழுதித் தரக் கூடாது. ஊர், பள்ளிக்கூடம், திருவிழா, பிறந்த நாடு பற்றிப் பேசவிட்டுப் பதிவுசெய்து, எந்த இடத்தில் ‘நாம்’ வந்தது, எந்த இடத்தில் ‘நாங்கள்’ வந்தது என்று எண்ண வேண்டும். வேறு பல மொழிகளில் கிடைக்காத அளவுகோல் இது.

‘குழு’ என்ற சொல்லும் அப்படித்தான் ஏமாற்றும். தன்னுணர்வை அளக்கும் புகழ்பெற்ற அளவுகோல்களில் ‘குழுவின் முடிவை மதிப்பது எனக்கு முக்கியம்’ என்ற வகைக் கூற்று உண்டு. கடற்கரைப் பெண்களிடம் கேட்டால் அவர்கள் நினைப்பது மகளிர் சுய உதவிக் குழுவை. கடன் தவணை கட்டுவதைப் பற்றி அவர்கள் சொன்ன பதில், கூட்டுணர்வு என்று ஆய்வேட்டில் ஏறிவிடும்.

முகாமில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கையெழுத்து, அடையாள அட்டை எண் என்று தொடங்கினால் வந்திருப்பது விசாரணை அதிகாரி என்றுதான் தோன்றும். எண் எதுவும் கேட்க வேண்டாம். ஒப்புதலை வாய்மொழியாகப் பெறுவதற்குக் கல்லூரி நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.

சபர் போனவர்களுக்கு வருவோம். வெளிநாட்டில் வாழ்ந்த காலம் கூடக்கூடப் படைப்பாற்றல் சோதனையில் தேர்ச்சி கூடுகிறது, சுற்றுலா போன காலம் அப்படிக் கூட்டுவதில்லை என்று வில்லியம் மேடக்ஸ், ஆடம் கலின்ஸ்கி இருவரும் 2009-இல் காட்டினார்கள். அந்த ஊர் வாழ்க்கைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதுதான் காரணமாகத் தெரிகிறது. எனவே துபாயில் எத்தனை ஆண்டு என்று மட்டும் கேட்டால் பயனில்லை. அறையில் உடன் இருந்தவர்கள் யார், எந்த மொழி பேசக் கற்றார், யாருடைய சமையலைச் சாப்பிட்டார் என்று கேட்க வேண்டும். பத்தாண்டும் ஊர்க்காரர்களோடு ஒரே அறையில் கழித்தவரையும், மலையாளி, பாகிஸ்தானியோடு கடை நடத்தியவரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது தவறு.

படைப்பாற்றலை அளக்க எல்லோரும் எடுப்பது அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்டு வழிவந்த ‘மாற்றுப் பயன்’ சோதனை. ஒரு பொருளைச் சொல்லி, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று இரண்டு மூன்று நிமிடம் கேட்பது. எத்தனை பதில், எத்தனை வகை, எவ்வளவு அரிது என்று மதிப்பெண். வழக்கமாகக் கேட்கப்படும் செங்கல்லுக்குப் பதிலாக நைலான் கயிறு என்று மாற்றினால் உள்ளூர்ச் சோதனை ஆகிவிடும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் பிழை. கடலுக்குப் போகிறவர் கயிற்றுக்கு இருபது பயன் சொல்வார்; அத்தனையும் கண்ணால் பார்த்தவை. அது நினைவாற்றல். முதலில் வரும் பதில்கள் பெரும்பாலும் நினைவிலிருந்தும், புதியவை பின்னாலும் வரும் என்பதால் நேரத்தைச் சுருக்கக் கூடாது. முடித்தபின் ஒவ்வொரு பதிலையும் திரும்பச் சொல்லி, ‘இதை யாராவது செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா, இப்போதுதான் தோன்றியதா?’ என்று கேட்டுப் பிரிக்க வேண்டும். அரிது என்பதையும் அதே கரையின் பதில்களை வைத்தே கணக்கிட வேண்டும்: 100 பேரில் 5 பேருக்கும் குறைவானவர்கள் சொன்னது அரிது என்று கொள்ளலாம். மதுரைக் கல்லூரி மாணவர் பட்டியலை வைத்துத் திருத்தினால் பாசி எடுக்கும் பெண்ணின் அன்றாடப் பழக்கம்கூட அபூர்வக் கற்பனையாகத் தெரியும். எழுதச் சொல்லாமல் வாயால் சொல்ல விட்டு, இருவர் தனித்தனியே மதிப்பிடுவது நல்லது.

‘நீங்கள் படைப்பாற்றல் உள்ளவரா’ என்று மட்டும் கேட்கவே வேண்டாம். கவிதை எழுதுவீர்களா என்றுதான் அது காதில் விழும்.

தலைமை ஆய்வில் ‘உங்கள் தலைவர்’ என்றால் ஊர்த்தலைவரா, சங்கத் தலைவரா, கட்சித் தலைவரா? ‘காற்று மாறினால் வலையைப் படகுக்குள் இழு என்று சொல்பவர் யார், வீட்டில் நோய் என்றால் யாரிடம் பணம் கேட்பீர்கள்’ என்று கேளுங்கள். பல படகில் முதலாமவர் டிரைவர், இரண்டாமவர் கரையில் இருக்கும் சம்மாட்டி, அதாவது படகு உரிமையாளர். கனிவும் காட்டி வேலையும் வாங்கும் தலைவரையே இந்தியத் தொழிலாளர் ஏற்கிறார்கள் என்று ஜே.பி.பி. சின்ஹா 1980-இல் எழுதினார். இங்கே கனிவு ஒருவரிடமும் வேலை வேறொருவரிடமும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க வேண்டிய கருத்து இது, ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.

எண்ணிக்கையிலும் ஏமாறுகிறார்கள். 40 படகு, படகுக்கு 5 பேர் என்றால் 200 பேர் அல்ல. ஒரே படகில் இருப்பவர்கள் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். அந்த ஒப்புமை, 0 முதல் 1 வரையிலான அளவில், 0.2 என்றால், எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண் 1 + (5 − 1) × 0.2 = 1.8. 200-ஐ 1.8-ஆல் வகுத்தால் உண்மையில் கிடைப்பது சுமார் 111 பேரின் தகவல். சம்மாட்டி அருகில் நிற்கும்போது கேட்டால் அதுவும் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள் என்று எல்லோரும் அந்த மாதங்களில் வருகிறார்கள். வருமானம் நின்ற நேரத்தில் டிரைவரைப் பற்றியும் சம்மாட்டியைப் பற்றியும் சொல்வது, மீன் பட்ட மாதத்தில் சொல்வதைப் போல இருக்காது. இரண்டு காலத்திலும் கேட்க வேண்டும்.

தங்கள் இதழில் இத்தகைய ஆய்வு முடிவுகளைச் செய்தியாக வெளியிடும்போது, எத்தனை படகு, எந்த மாதம், தமிழில் கேட்ட கேள்வி என்ன என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியர்கள் சிலர்,
இராமநாதபுரம் மாவட்டம்.