உப்புத்தாள் அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

எங்கள் குழந்தைகள் இல்லத்துப் பையன் ஒருவன் பத்தாம் வகுப்பு தேறிவிட்டான். பெயரைப் போட முடியாது. பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிட 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருவதில்லை. தெருவில் மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தானே, அவனேதான்.

ஏழாம் வகுப்பில் எங்களிடம் வந்தான். அதற்குள் மூன்று பள்ளி மாறியாயிற்று. மாற்றுச் சான்றிதழ் ஒழுங்காக வந்தது. பிள்ளைக்கு வாசிக்க வராது என்ற சேதி மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. 'கவனம் போதாது' என்று ஒரு பள்ளியில் எழுதியிருந்தார்கள். நானும் ஆறு மாதம் அதையே சொல்லித் திட்டினேன்.

வட்டார வள மையத்துச் சிறப்பு டீச்சர்தான் பக்கத்தில் உட்காரவைத்துக் கண்டுபிடித்தார். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு தனி, க தனி, கால் தனி அவனுக்கு. முன்னால் நிற்கிற கொம்பைப் பின்னால் ஒலிக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிவிட்டது. யோசித்தால் அது விநோதம்தான். ஹார்டுவேர் கடை அண்ணாச்சி கொடுத்த உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, விரலால் தடவிக்கொண்டே சொல்லவைத்தார். ராத்திரி போர்வைக்குள்ளும் 'ழ'வைத் தடவிக்கொண்டிருப்பான்.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு மூன்று நடை. அவன் எங்கள் பொறுப்பில் இருப்பதற்கான குழந்தைகள் நலக் குழுவின் ஆணையை நீட்டினாலும், "அப்பா வரலையா?" என்று அவன் முன்னாலேயே கேட்டார்கள். மூன்றாம் நடையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுத் தம்பி கூடவே வந்து பேசி முடித்துக் கொடுத்தார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. அதனால் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு. ஆங்கிலத்தை விட்டான், தமிழை விடமாட்டேன் என்றுவிட்டான்.

"வேற ஆள் எழுதினா காப்பி அடிச்ச மாதிரி இல்லையா பெரியம்மா?" என்று கேட்டவனைத் தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்து, விடையை வரிசையாக வாயால் சொல்லப் பழக்கியவர் எதிர்வீட்டு ரிட்டயர்டு சார். "அடுத்த பத்தி போங்க சார்" என்று சார்வாளுக்கே ஆணையிடுவான்! தேர்வறையில் அவன் யோசித்த நேரமெல்லாம் முகம் சுளிக்காமல் காத்திருந்து எழுதிய ஆசிரியருக்கும் எங்கள் நன்றி.

அண்ணாச்சி, அந்த எழுத்துகளை இப்போது மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி வைத்திருக்கிறாள். 'ற' தேய்ந்துபோயிற்று. இன்னும் இரண்டு தாள் வேண்டும்.

இப்படிக்கு,
இல்லத்துப் பெரியம்மா