லைனுக்குள் வராத சங்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரில் பனியன் தொழிலாளர் கூலி ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் பேப்பரில் படம் வரும். ஒரு பக்கம் முதலாளிகள், எதிரில் சங்கத் தலைவர்கள். அதில் பெண் யாராவது இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். தைத்ததில் குறை தேடும் செக்கிங்கிலும், கையால் மடித்துக் கொடுக்கும் கைமடியிலும் பெரும்பாலும் நாங்கள்தானே இருக்கிறோம்?

சங்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. ஆனால் இப்போது பல இடங்களில் ஆள் எடுப்பது கான்ட்ராக்டர், பீஸுக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவதும் அவரே, ஒப்பந்தத்தில் ஷிப்ட்டுக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதே எங்கள் காதுக்கு வருவதில்லை. நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனியின் சோதனை, வரும் நாளில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு லீவு விட்டுவிடுவார்கள், மிச்சம் பேருக்கு மாஸ்க், தலைக்குத் துணி, யார் கேட்டாலும் 'எட்டு மணி நேரம்தான் வேலை' என்று சொல்லச் சொல்லி ஒரு பாடம். மறுநாளே பழையபடி ஒன்றரை ஷிப்ட். இதைப் போய் யாரிடம் சொல்ல? சங்கத்துக்காரர் யாரும் மெஷின்கள் வரிசையாக ஓடும் லைன் பக்கம் வந்து பார்த்ததில்லை, பக்கத்து மெஷினில் இருந்த ஒடிசாப் பெண்ணிடம் அவள் மொழியில் பேசவும் ஆளில்லை.

திண்டுக்கல்லில் வேறு மாதிரி நடந்தது. 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார், சூப்பர்வைசர் கைதானார். அப்புறம் பெண்கள் தலைமையில் இயங்கும் சங்கம் ஒன்று விடாமல் போராடி, 2022-ல் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம், கேப் போன்ற பிராண்டுகளோடும் ஒப்பந்தம் போட்டது. அதில் எழுதியிருந்தது இதுதான்: வேலைத் தளத்திலேயே பெண் தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாக இருப்பார்கள், பாலியல் தொல்லையைப் பற்றிப் புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது, ஆலை மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும். இந்தக் கடைசி விஷயம்தான் முதலாளிக்குப் புரிகிற பாஷை. இங்கே ஏன் எந்தச் சங்கமும் இதை மேஜையில் வைக்க மாட்டேன் என்கிறது?

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஒப்பந்தம் வரும்போது 'இத்தனை சதவீதம் உயர்வு' என்று மட்டும் தலைப்புப் போட்டு விட்டுவிடாதீர்கள். கட்டிங், டைலர், செக்கிங், கைமடி என்று பிரித்து ஷிப்ட்டுக்கு எவ்வளவு என்ற பட்டியலை முழுசாகப் போடுங்கள், முடிந்தால் ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது கத்தரித்து எடுத்துப் போய் கான்ட்ராக்டரிடம் காட்ட வசதியாக இருக்கும்.

ஒரு செக்கிங் தொழிலாளி,
திருப்பூர்