வாசலோப்பெட் பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் புதியவர்களை அனுப்பும் முன்: ஹாஸ்பிஸ் நிதி திரட்டும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் குழந்தைகள் ஹாஸ்பிஸ்களுக்காக (நோய் முற்றியவர்களைப் பராமரிக்கும் இல்லங்களுக்காக) நிதி திரட்டும் அன்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் பணியின் அருமை தெரிந்தே இதை எழுதுகிறோம். 1982-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹெலன் ஹவுஸ் திறக்கப்படும் வரை, குணப்படுத்த முடியாத நோயுள்ள குழந்தைகளுக்கென்று உலகில் எங்கும் இப்படி ஓர் இல்லம் இருந்ததில்லை. களைத்துப்போன பெற்றோர் ஓரிரு இரவாவது நிம்மதியாகத் தூங்கவும், கூடப்பிறந்த பிள்ளைகளோடு கொஞ்சம் நேரம் செலவிடவும், குழந்தை இறந்தபின் குளிரூட்டிய அறையில் சில நாள் அருகிலேயே இருந்து விடைகொடுக்கவும் இந்த இல்லங்கள் வழி செய்கின்றன. அரசு தருவது இதற்குப் போதாது. பெரும்பகுதி பொதுமக்களின் நன்கொடையில்தான் நடக்கிறது. அதற்காகப் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு ஆள் திரட்டுவது நல்ல காரியம். ஆனால் முதன்முறையாக ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) கட்டுகிறவரை நேரே 90 கிலோமீட்டர் வாசலோப்பெட்டில் இறக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஸ்வீடனில் 1922-ல் தொடங்கிய பந்தயம் இது. மார்ச் முதல் ஞாயிறு காலை 8 மணிக்கு செலன் அருகே 15,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கிளம்பி மூரா நகரை நோக்கிச் செல்வார்கள். முந்தைய பந்தய நேரம் எதுவும் இல்லாதவர் கடைசிப் பிரிவில்தான் நிற்க வேண்டும். கிளம்பியவுடனே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அங்கே கூட்டம் நெருக்கியடிக்கும்; பின்னால் வருகிறவர்களின் பலகை முன்னால் இருப்பவரின் ஊன்றுகோல்மேல் ஏறி, கோல் முறிந்துபோவது சகஜம். ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முழுத் தூரத்துக்கும் கிடைப்பது சுமார் 12 மணி நேரம். வழியில் ஏழு நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நின்றால் 70 நிமிடம். முதல் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். மிச்சமுள்ள 87 கிலோமீட்டரை 9 மணி 50 நிமிடத்தில் கடக்க, மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுத்தான் குறையலாம். அதுவும் ஆயிரக்கணக்கானோர் போய்க் குலைந்த தடத்தில். குறித்த நேரத்துக்குள் ஒரு நிறுத்தத்தைத் தாண்டாதவரைத் தடுத்து, பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். மாரத்தான் ஓடியவர் என்பதால் இதைச் சமாளித்துவிடுவார் என்று நம்பிவிடாதீர்கள். இந்தப் பந்தயத்தில் அதிகம் உழைப்பது முதுகும் வயிறும் தோளும்தான். இரண்டு கோல்களையும் ஒருசேர ஊன்றி உடலை மடக்கித் தள்ளும் முறையில் மணிக்கணக்காகப் பழகாதவருக்கு, எவெர்ட்ஸ்பெரி நிறுத்தம் வரும்போது கை தூக்க முடியாது. அங்கே 47 கிலோமீட்டர்தான் ஆகியிருக்கும்.

அதைத் தாண்டியதும் நீண்ட இறக்கம். பலகையின் முனைகளைச் சேர்த்து ஆப்பு வடிவில் வேகம் குறைக்கத் தெரியாதவர் விழுவார். பின்னால் வருகிறவரையும் வீழ்த்துவார். உருளைச் சக்கர ஸ்கீயில் மட்டும் பயிற்சி எடுத்தவருக்கு இது வராது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. பனியில் குறைந்தது ஒரு வாரமாவது பழகியிருக்க வேண்டும்.

பலகையின் அடியில் பூசும் மெழுகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புதியவர்களின் பந்தயம் பெரும்பாலும் இதில்தான் கெடுகிறது. பாதத்துக்கு அடியில் உள்ள பகுதியில்தான், பின்னால் வழுக்காமல் உந்துவதற்கான பிடிப்பு மெழுகு பூசுவார்கள். இரு காலிலும் சமமாக நிற்கும்போது அந்தப் பகுதி பனியைத் தொடக்கூடாது. ஒரு காலில் முழு எடையையும் போட்டால் தொட வேண்டும். சமதரையில் பலகைக்கு அடியே ஒரு காகிதத்தை நகர்த்திப் பார்த்து இதைச் சோதிக்கலாம். வாடகைப் பலகை ஆளின் எடைக்குப் பொருந்தாவிட்டால் எந்த மெழுகும் காப்பாற்றாது. கெட்டி மெழுகை நான்கு முதல் ஆறு மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் தக்கையால் தேய்க்க வேண்டும். ஒரே தடிப்பான பூச்சு பனியை அள்ளி ஒட்டிக்கொள்ளும். காலையில் கடுங்குளிர், மதியம் பூஜ்யத்தை ஒட்டிய ஈரப்பனி என்று மாறினால் காலையில் பூசியது உதவாது. இறுகி மணிமணியான ஈரப்பனிக்குப் பிசின்போன்ற கிளிஸ்டர் வேண்டும். அதைப் பூசக் கற்றுக்கொள்ளவே நாளாகும். ஆகவே புதியவருக்கு, அடியில் மோஹேர் (ஆட்டு ரோம) பட்டை ஒட்டிய பலகைதான் சரி. சறுக்கல் கொஞ்சம் குறையும். நிச்சயமான பிடிப்பு இருக்கும்.

நிறுத்தங்களில் புளூபெர்ரி சூப்பும் இனிப்பு ரொட்டியும் கிடைக்கும். அது மட்டும் போதாது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக, ஜெல் பொட்டலங்களை உள்சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். வெளியே வைத்தால் உறைந்துவிடும். முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பையின் குழாயும் அப்படித்தான். குடித்ததும் ஊதி நீரைப் பைக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

புதியவர்களுக்கு ஏற்ற வேறு பந்தயங்களும் அதே தடத்தில் உண்டு. வாசலோப்பெட் 30 (முன்பு கோர்ட்வாசன்) 30 கிலோமீட்டர், வாசலோப்பெட் 45 (முன்பு ஹால்வ்வாசன்) 45. முழுத் தூரம்தான் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னதாக நடக்கும் ஒப்பெட் ஸ்போர் இருக்கிறது. 90 கிலோமீட்டர்தான், ஆனால் எல்லோரும் ஒரே நொடியில் கிளம்பும் நெரிசல் இல்லை. பனியில் 45 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தவருக்கு மட்டுமே 90-க்கு இடம் கொடுங்கள்.

பணத்தைப் பற்றி இரண்டு கோரிக்கைகள். ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை பவுண்டு என்று நன்கொடை கேட்காதீர்கள். விரல்கள் வெளுத்து மரத்துப்போனவர், குழந்தைகளுக்கு வரும் பணம் குறைந்துவிடுமே என்று நிற்காமல் போவார். பந்தயத்தில் இறங்குவதற்காகவே ஒரு மொத்தத் தொகை கேளுங்கள். பயணம், பதிவு, வாடகைச் செலவுகளைப் பங்கேற்பவரே ஏற்கட்டும். வரி கட்டும் ஒருவர் 100 பவுண்டு தந்தால் கிஃப்ட் எய்ட் என்னும் அரசின் வரிச்சலுகைத் திட்டம் வழியாக இன்னும் 25 பவுண்டு இல்லத்துக்கு வரும். ஆனால் பயணச் செலவை நன்கொடையிலிருந்து எடுத்தால், பங்கேற்பவரும் அவருடைய துணைவர், பெற்றோர், உடன்பிறந்தோர் போன்றோரும் தரும் தொகைக்கு அந்தக் கூடுதல் கிடைக்காது. முதலில் கைகொடுப்பது பெரும்பாலும் குடும்பத்தார்தான், எனவே இந்த இழப்பு சிறியதல்ல.

அடுத்த பதிவு தொடங்குமுன் உங்கள் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: பனியில் ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில் சென்றிருக்கிறீர்கள்? பயணச் செலவைச் சொந்தப் பணத்தில் ஏற்க முடியுமா?

அன்புடன்,
நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கள் சிலர்