ஊசி போட்ட முதல் சில மணி நேரம்

ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் (சாக்ரோஇலியாக் மூட்டு) ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து உனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயப்படாதே. சேலத்தில் எனக்குப் போட்டதும் அதே ஊசிதான்.

முதலில், டாக்டரிடம் பொதுவாக 'இடுப்பு வலி' என்று சொல்லாதே. ஒரு விரலால் தொட்டுக் காட்டு. முதுகின் அடியில் இரண்டு பக்கமும் சின்னக் குழி விழுமே, அதை ஒட்டிக் கொஞ்சம் கீழே என்றால் இந்த மூட்டாக இருக்கலாம். வலி பாதம் வரை இறங்கி மரத்துப்போனால் அது முதுகுத்தண்டு நரம்பின் வேலையாக இருக்கும்.

குப்புறப் படுக்க வைத்து, தோலை மரக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்குவார்கள். மருந்து உள்ளே போகும்போது, எனக்கு இருந்த அதே வலியை யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. உள்ளே போவது பெரும்பாலும் இரண்டு மருந்து. மரத்துப்போகச் செய்யும் மருந்து உடனே பிடித்து, சில மணி நேரத்தில் விட்டுவிடும். ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். அதனால் வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கிவிடாதே. கால் துவளாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வழக்கமாக எது வலிக்குமோ அதையே செய்து பார். உட்கார்ந்து எழு, படி ஏறு. வலி பெருமளவு போயிருந்தால் பெரும்பாலும் மூட்டுதான் காரணம். துளியும் குறையவில்லை என்றால் வேறு இடத்தைத் தேட வேண்டும். மணியோடு எழுதி டாக்டரிடம் கொடு. அந்தக் குறிப்பை விட்டால் ஊசியில் பாதிப் பயன் போய்விடும்.

எனக்குச் சேலத்திலிருந்து வீடு திரும்பும்போது, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் வலியே இல்லை. வழக்கமாக வளைவில் உடம்பு வலது பக்கம் சாயும்போதெல்லாம் உயிர் போகும். இரவில் வலி திரும்பியது, கொஞ்சம் கூடுதலாகவே. அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்புறம் நாளுக்கு நாள் குறைந்தது. சர்க்கரை மட்டும் சில நாள் ஏறியிருந்தது. உனக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததையும், இப்போது பால் கொடுப்பதையும் மறக்காமல் சொல். காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிப் போடு. ஊசிக்குப் பிறகு முகம் சிவக்கலாம், மாதவிலக்கு முன்னே பின்னே ஆகலாம்.

கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்களை ஊசி இறுக்கித் தராது. சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் வலி அடங்கும், சிலருக்குக் கேட்பதே இல்லை. அடங்கியிருக்கும் காலத்தில் பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதே. திரும்பத் திரும்ப ஊசி போட்டுக்கொண்டே போகவும் கூடாது.

இன்னொன்று. காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு இருந்து நடந்தால் குறைகிறதா, இரவில் வலி எழுப்பிவிடுகிறதா? அப்படியென்றால் ஊசிக்கு முன்பே வாத நோய் டாக்டரைப் பார்த்துவிடு.

தேதி கிடைத்ததும் சொல். காப்பிப் பழம் பறிப்பை அப்பா பார்த்துக்கொள்வார். குழந்தையைத் தூக்க நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா