எத்தனை பேர் சாகலாம் என்று முதலிலேயே போட்ட கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த காஸா கட்டுரையில், நெருக்கமான நகரத்துக்குள் போர் நடந்தால் பொதுமக்கள் சாவது தவிர்க்க முடியாதது என்று ஒரு வரி இருந்தது. அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

முப்பது வருடம் கட்டட வேலை பார்த்தவன் நான். அதனால் அந்த வரிக்கு மேலே நீங்கள் போட்டிருந்த படத்தில்தான் என் கண் முதலில் நின்றது. நான்கு மாடி வீடு. நான்கு தளமும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே உட்கார்ந்துவிட்டன. இரண்டு தளங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி, அதில் ஒரு போர்வையின் நுனி. பக்கத்தில் ஒருவர் கார் ஜாக்கியை முட்டுக்கொடுத்து நிற்கிறார். பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குலக் கனத்தில் போட்ட தளமே ஏறக்குறைய மூன்று டன் வரும். அங்கே மேலே கிடப்பது வீடு முழுக்கப் போட்ட தளம். ஜாக்கியால் ஆகாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் நிற்கிறார்.

பில்லர்கள் ஒரே நேரத்தில் போனால் கட்டடம் இப்படித்தான் உட்காரும். காஸாவில் நிறையப் போடப்பட்ட 2,000 பவுண்டு குண்டு, அதாவது 900 கிலோ, சற்றுத் தாமதித்து வெடிக்கும்படி வைத்தால் மாடிகளைத் துளைத்துக்கொண்டு கீழே போய் வெடிக்கும். எந்தக் குண்டு, எவ்வளவு தாமதம், பகலா இரவா என்று ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாக வேண்டும். உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் அவர் பார்க்கிறார். நான் சொல்ல வந்தது அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

2002 ஜூலை 22 இரவு, காஸா நகரில் ஹமாஸ் தளபதி சலா ஷெஹாதேயின் வீட்டின்மேல் இஸ்ரேல் விமானம் ஒரு டன் குண்டைப் போட்டது. அவரோடு சேர்த்துச் சுமார் 15 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. இஸ்ரேலிலேயே அது பெரிய விவகாரமானது. அடுத்த ஆண்டு 27 விமானிகள், இப்படிப்பட்ட தாக்குதல்களுக்கு இனிப் போகமாட்டோம் என்று கடிதம் எழுதினார்கள். பிற்பாடு அரசே அமைத்த விசாரணைக் குழு, உளவுத் தகவல் தவறிவிட்டது, இறந்தவர்களின் எண்ணிக்கை இலக்குக்குப் பொருந்தாத அளவு அதிகம் என்று 2011-ல் சொன்னது. யாரும் தண்டிக்கப்படவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு பெரிய தளபதிக்கு 14 பேர் என்பது அதிகம் என்று அன்றைக்கு ஒரு நாடு தனக்குத்தானே ஒப்புக்கொண்டது.

சரி, 2023-க்கு வருவோம். அக்டோபர் 7 அன்று ஹமாஸ் எல்லை தாண்டிப் போய்ச் சுமார் 1,200 பேரைக் கொன்றது, 251 பேரைப் பிடித்துச் சென்றது. கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுக் குடியிருப்புகளின் வீடுகளிலும் இசை விழா நடந்த திடலிலும் இறந்த பெரும்பாலோர் ஆயுதம் தொடாதவர்கள். எந்தக் கோரிக்கையாலும் அதை நியாயப்படுத்த முடியாது. அன்று மதியமே இஸ்ரேல் ராணுவத்தில் ஒரு புதிய உத்தரவு போனது என்று நியூயார்க் டைம்ஸ் 2024 டிசம்பரில் விரிவாக எழுதியது. அதன்படி, இடைநிலை அதிகாரிகளே ஒரு சாதாரண ஹமாஸ் ஆளைத் தாக்க உத்தரவிடலாம். ஒவ்வொரு தாக்குதலிலும் 20 பொதுமக்கள் வரை சாகும் ஆபத்து இருந்தாலும் பரவாயில்லை. விதி மாறியதை ராணுவம் மறுக்கவில்லை, எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது என்றுதான் சொன்னது. அதற்கு முன்பே 2024 ஏப்ரலில் +972 என்ற இஸ்ரேலிய–பாலஸ்தீனப் பத்திரிகை, தாக்க வேண்டியவர்கள் என்று கணினி குறித்துக் கொடுக்கும் ஆட்களைப் பற்றியும், அந்த ஆள் வீடு திரும்பியதும் தகவல் சொல்லும் இன்னொரு முறையைப் பற்றியும் எழுதியிருந்தது. அந்த முறையின் பெயர் 'அப்பா எங்கே?'. ஒவ்வொரு இலக்கையும் மனிதர்கள்தான் ஆராய்ந்து முடிவு செய்கிறார்கள் என்று ராணுவம் பதில் சொன்னது. அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பெயரை வைத்ததும் ஒரு மனிதர்தானே!

2002-ல் ஒரு தளபதிக்கு 14 பேர் அதிகம். 2023-ல் பெயர் தெரியாத ஒரு சிப்பாய்க்கு 20 பேர் வரை சரி. இந்த இருபது ஆண்டுகளில் காஸா அகலமாகவும் இல்லை, குறுகவும் இல்லை. அதே 365 சதுர கிலோமீட்டர். மாறியது அனுமதி.

போர்ச் சட்டமும் இந்த இடத்தைத்தான் பார்க்கிறது. பொதுமக்களுக்கு எவ்வளவு சேதம் வரும் என்று தாக்குவதற்கு முன் எதிர்பார்க்கப்பட்டது, அதற்கு ஈடாக என்ன ராணுவப் பலன் என்பதுதான் கேள்வி. 2006 டிசம்பரில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் உதாரணமே கொடுத்தது. தன் வீட்டு முகப்பிலிருந்து சுடும் ஒருவனைத் திருப்பிச் சுடும்போது அக்கம்பக்கத்தவர் ஒருவருக்கு அடிபட்டாலும் அது வரம்புக்குள் அடங்கும். அந்தக் கட்டடத்தையே வானிலிருந்து தகர்த்து, குடியிருப்பவர்களும் வழிப்போக்கர்களுமாகப் பல பேர் பாதிக்கப்பட்டால் அடங்காது. இதைச் சொன்னது அவர்களுடைய சொந்த நீதிமன்றம்.

ஹமாஸ் வீடுகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ஒளிந்துகொள்கிறதே என்பீர்கள். உண்மைதான், எனக்கு அதில் கோபம் உண்டு. இஸ்ரேலில் 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு கட்டும் ஒவ்வொரு புது வீட்டிலும் குண்டு தாங்கும் கான்கிரீட் அறை ஒன்று கட்டாயம். காஸாவிலோ மக்களுக்கு ஒரு பதுங்குமிடம்கூடக் கட்டிக் கொடுக்கப்படவில்லை. முற்றுகையால் சிமென்ட் வருவதே கஷ்டம், வந்ததிலும் ஏகப்பட்டது பூமிக்கடியில் போனது. சுரங்கங்கள் போராளிகளுக்குத்தான், மக்களைப் பாதுகாப்பது ஐ.நா.வின் பொறுப்பு என்று ஹமாஸ் தலைவர்களில் ஒருவரான மூசா அபு மர்சூக் 2023 அக்டோபரில் பேசியதைக் கேட்டபோது எனக்கு உடம்பு எரிந்தது. ஆனால் ஒரு தரப்பு சட்டத்தை மீறியது என்பதால் மேல்மாடியில் தூங்கும் குடும்பம் தன் பாதுகாப்பை இழந்துவிடாது.

மக்களைப் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொன்னது இஸ்ரேல் என்ற பதிலும் அப்படித்தான். 2024 ஜூலை 13 அன்று ஹமாஸின் ராணுவப் பிரிவுத் தலைவர் முகமது தெய்ஃபைக் குறிவைத்து அல் மவாசியில் குண்டு போட்டபோது 90 பேர் இறந்ததாகக் காஸா சுகாதாரத் துறை சொன்னது. அது இஸ்ரேலே மனிதாபிமான வலயம் என்று அறிவித்த பகுதி. அந்தச் செய்தியைப் படித்தபோது 2009-ல் வன்னியிலிருந்து வந்த செய்திகள்தான் நினைவுக்கு வந்தன. அங்கேயும் ஒரு வலயம் அறிவித்தார்கள், அதற்குள்ளும் குண்டு விழுந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். தளபதி கொல்லப்பட்டார், உடன் இத்தனை பேர் பலி என்று அடுத்த முறை செய்தி போடும்போது, 'உடன்' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். என்ன குண்டு, எத்தனை பேருக்கு முன்கூட்டியே அனுமதி, யார் அனுமதித்தது என்று கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. 2025 அக்டோபர் போர்நிறுத்தத்துக்குப் பிறகு, இறந்த பணயக்கைதிகளின் உடல்களைத் தேட எகிப்திலிருந்து மண் அள்ளும் இயந்திரங்கள் காஸாவுக்குள் போயின. போக வேண்டியதுதான், அந்தக் குடும்பங்களும் இரண்டு வருடம் காத்திருந்தவை. அதே இடிபாடுகளுக்கு அடியில் சுமார் 10,000 பாலஸ்தீனர்கள் கிடப்பதாக அங்குள்ள மீட்புப் படையினர் மதிப்பிடுகிறார்கள். அவர்களை எடுக்க எத்தனை கிரேன் உள்ளே விடப்பட்டிருக்கிறது என்று அடுத்த இதழில் எழுதுவீர்களா?

தங்கள் நெடுநாள் வாசகன்,
கட்டடப் பொறியாளர் (ஓய்வு), தஞ்சாவூர்