வண்டி நிற்க ஒரு இடம், தண்ணீருக்கு ஒரு பைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கேரவன் பயணக் கட்டுரையை நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிப் படித்தோம். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. கன்னியாகுமரி மாவட்டத்தை இரண்டு நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்கிறார் எழுதியவர். அது முதலாவது. அப்புறம், கட்டுரையில் வரும் கணவனும் மனைவியும் ராத்திரி ரோட்டோரம் வேனில் தூங்குகிறார்கள், விடிந்ததும் கேமராவோடு இறங்குகிறார்கள். நடுவில் அந்தப் பெண் கக்கூசுக்கு எங்கே போனாள் என்று ஒரு வரிகூட இல்லை.

இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. போன தை மாதம் நாங்களும் இப்படி ஒரு பயணம் போனோம். 11 நாள், மாவட்ட எல்லையைத் தாண்டாமல். "களியக்காவிளையில எடுத்தா ரெண்டு மணி நேரத்துல கன்னியாகுமரி. இதுல எங்கம்மா நெடும்பயணம்?" என்று மகன் போனில் சிரித்தான். அவன் அப்பா 31 வருஷம் பஸ் ஓட்டியவர். இங்கே அவர் ஓட்டாத ரோடு குறைவு. ஆனால் பஸ் டிரைவர் ஸ்டாப் இருக்கிற இடத்தில்தானே நிறுத்த முடியும்? ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் பக்கத்து ரோட்டில் வருஷக்கணக்காகப் போய்வந்தவர், அதன் மேல் ஒருநாள்கூட நடந்ததில்லை. நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற ஒரே ஆசைக்காகத்தான் ஓய்வுபெற்றதும் பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்றை வாங்கினார்.

கேரவன் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பின்சீட்டை மடக்கி, அதன்மேல் பலகை, பலகைமேல் மெத்தை. கீழே இரண்டு தண்ணீர்க் கேன், சின்ன சிலிண்டர், ஒரு வாளி. சீட்டைக் கழற்றிவிட்டு நிரந்தரமாகக் கட்டில் பொருத்தினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அந்த அலைச்சலுக்கு அவர் தயாராக இல்லை. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வண்டியைப் பிரித்து மேய நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

முதல்நாள் விடியுமுன் தோவாளைப் பூச்சந்தை. அங்கிருந்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள். தை மாதம் என்பதால் காற்று அடங்கியிருந்தது. ஆனி, ஆடியில் அந்தக் கணவாய்க் காற்றில் ஆம்னி மாதிரி லேசான வண்டியைப் பிடித்து ஓட்டுவது சிரமம் என்று அவர் சொன்னார். தேரூர்க் குளக்கரையில் கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. உங்கள் கட்டுரையில் அவற்றுக்கு இடமில்லை. கன்னியாகுமரிக் கடல்மேல் போட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்துக்கு மட்டும் முக்கால் பக்கம்!

தொட்டிப்பாலத்துக்கு நான்காம் நாள் போனோம். 1966-இல் கட்டியது. 115 அடி உயரத்தில் சானல் தண்ணீர் பறளியாற்றைத் தாண்டிப் போகிறது. இவர் பாலத்தின் நடுவில் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அரைமணி நேரம் நகரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

வடக்கே, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் இலை உதிர்க்கும் காலம் அது. எப்போதும் இருட்டாகக் கிடக்கும் தோட்டத்துக்குள் வெயில் விழுந்து, தரையெல்லாம் செம்பழுப்புச் சருகு. அணையைப் பார்த்துவிட்டு (1906-இல் கட்டி முடித்த அணை, நாஞ்சில் நாட்டு வயல்கள் பலவும் அதை நம்பித்தான்) ரோட்டோரம் வண்டியை ஒதுக்கினோம். அப்போது பால்வெட்டு முடித்து வந்த ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினாள். "எக்கா, இங்க கிடக்காதீங்க, ராத்திரி ஆனை எறங்கும். வண்டிய எங்க முற்றத்துல கொண்டு போடுங்க." போட்டோம். குளிமுறியை, அதாவது குளியலறையை, திறந்துவிட்டாள். அவித்த மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் வந்தன. காலையில் கட்டன் சாயா, பால் ஊற்றாத டீ. காசு கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டாள். 11 நாளில் நான் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரி அதுதான். அவள் தந்த கிழங்கைவிட, தாழ்ப்பாள் போட்ட அந்தக் குளிமுறிதான் அதற்குக் காரணம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

மற்ற ராத்திரிகளைக் கேளுங்கள். கடற்கரை ஊர் ஒன்றில் பதினொரு மணிக்கு ரோந்து போலீஸ் எழுப்பினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "இங்க படுக்கக் கூடாதும்மா" என்றார்கள். எங்கே படுக்கலாம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய்விட்டாராம். ஒரு லாட்ஜில் குளிக்க மட்டும் எவ்வளவு என்று கேட்டேன். முழு அறை வாடகையைத்தான் கேட்டார்கள், கொடுத்தேன். ஐந்தாம் நாளிலிருந்து சாயங்காலம் நான்கு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். முட்டத்தில் சூரியன் கடலில் இறங்கியபோது இவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே நான் மனசுக்குள் யோசித்தது, வரும் வழியில் எந்தக் கோயில் வாசலில் பைப்பு இருந்தது என்பதைத்தான்.

இந்த மாவட்டத்தின் அமைப்பு அப்படி. வீட்டுக்கு அடுத்து வீடு, விளைக்கு (தோட்டத்துக்கு) அடுத்து விளை. ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எங்களுக்கே தெரியாது. வெளியூர்க் கட்டுரைகளில் வருவது போல ஆளில்லாத புல்வெளியில் வண்டியை நிறுத்த இங்கே புல்வெளி இல்லை. நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் நான்கு பேர் வந்து "எங்கிருந்து வாறிய?" என்று கேட்பார்கள். அது நல்ல மனசில் கேட்கிற கேள்விதான், பத்தாவது தடவை கேட்கும்போது கொஞ்சம் அலுக்கும், அவ்வளவுதான்.

கேரளத்தில் 2021-இலேயே கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்தார்கள். நம் மாநிலத்தின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் ஒரு பிரிவாக இருக்கிறது. சரி, சந்தோஷம். ஆனால் ஏசி வைத்த பெரிய வண்டிகளும் ரிசார்ட் மாதிரி பூங்காக்களும்தான் வரப்போகிறது என்றால் எங்களுக்குப் பயனில்லை. எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய எங்கள் உள்ரோடுகளில் அந்த வண்டி நுழையாது. நான் கேட்பது சின்னது. தொட்டிப்பாலம், திற்பரப்பு, சிதறால் மலையடிவாரம், முட்டம், இப்படி ஏற்கெனவே பார்க்கிங் கட்டணம் வாங்குகிற இடங்களில், ராத்திரிக்கும் ஒரு கட்டணம் வைத்து, ஒரு விளக்கு, ஒரு பைப்பு, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. பெண்களுக்குத் தனியாக. ஒரு காவலாள் இருந்தால் நல்லது.

புதிதாக எதுவும் கேட்கவில்லை. திருவிதாங்கூர்க் காலத்து ரோடுகளில் வழியம்பலம் இருந்தது. நடந்துபோகிறவன் படுக்கக் கல்மண்டபம், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல். சில முக்குகளில் அந்தக் கற்கள் இன்னும் நிற்கின்றன. சிதறால் மலைமேல் இருந்த சமணத் துறவிகளுக்குக்கூடப் படுக்கப் பாறைநிழலும் பக்கத்திலேயே சுனையும் இருந்திருக்கின்றன. ஆம்னியில் வந்த எங்களுக்குத்தான் இல்லை.

கட்டுரையாளருக்கு இன்னொன்று. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அவர் திட்டத்தில் இரண்டாம் நாள் திங்கள் என்று போட்டிருக்கிறார். கேட்டில் நின்று திரும்பத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வண்டி நிற்க இடம் இருக்கிறது. வெளியே குளிமுறியும் கக்கூசும் தனியாக உண்டு, கிணற்றுத் தண்ணீர். இந்தப் பக்கம் வேனில் வருகிற தம்பதி யாராவது உங்களுக்கு எழுதினால் எங்கள் முகவரியைக் கொடுங்கள். கேட் அகலம் ஒன்பது அடிதான், அதைமட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.