அந்த கேனைத் திறக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி வீடியோ காலில் நீ அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் அலமாரியில் ஒரு கேன் தெரிந்தது. அம்மா அதைக் கொசு மருந்து என்று நினைத்துக்கொண்டாள். அது கார் ஏசிக்கு ஏற்றுகிற கேஸ். முப்பத்தைந்து வருஷம் ஏசி மெக்கானிக்காக அதையே கையில் பிடித்தவனுக்கு அடையாளம் தெரியாதா? பக்கத்திலேயே சுருட்டி வைத்த ஹோஸ், அதில் அழுத்தம் பார்க்கிற ஒற்றை கேஜ். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கார் ஏசியில் இருக்கிற கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சாமான் இல்லை. மூடின குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் துளித்துளியாகப் போகும், அது வேறு. போன மாசம் ஜில்லென்று இருந்த வண்டி இந்த மாசம் வெறும் காற்று ஊதுகிறது என்றால், கேஸ் குறைந்திருக்கிற பட்சத்தில் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையோடு நிரப்பினால் ஒரு வாரம் ஜில்லென்று இருக்கும், அப்புறம் பழைய கதைதான். கேஸோடு, அதை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசரின் ஆயிலும் வெளியே போகும். அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஆயில் வற்றின கம்ப்ரசர் ஒரு நாள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

கேஜ் இருக்கிறதே என்பாய். கேஜ் காட்டுவது அழுத்தத்தை, அளவை இல்லை. வண்டி நிற்கும்போது உள்ளே கேஸ் கொஞ்சம் திரவமாக இருந்தாலே போதும், 100 கிராம் என்றாலும் 400 கிராம் என்றாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். 40 டிகிரி வெயிலில் அது 130 பிஎஸ்ஐக்கு மேலே. ஓடும்போது பார்க்கிற அழுத்தமும் வெயிலுக்கு ஏற்ப, இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஆடும். அதனால்தான் கடையில் பழைய கேஸை மிஷினில் இழுத்துவிட்டு, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் பம்பில் உறிஞ்சி வேக்யூம் போட்டு, தராசில் வைத்து கிராம் கணக்கில் ஏற்றுகிறோம். உன்னுடையது மாதிரி சின்ன வண்டிகளுக்கு 350லிருந்து 500 கிராம் வரைதான் பிடிக்கும். உன் கேனில் 450 கிராம் இருக்கும். பாதி இருக்கிற வண்டியில் முழு கேனையும் இறக்கினால் என்ன ஆகும், நீயே கணக்குப் போடு. கூடுதலான திரவம் கம்ப்ரசருக்குள் போனால் அது அமுங்காது. உள்ளே இருக்கிற வால்வுதான் உடையும்.

வேக்யூம் என்றேனே, அது வீண் வேலை இல்லை. ஹோஸில் இருக்கிற காற்றைக்கூட வெளியேற்றாமல் மாட்டினால் ஈரமும் கூடவே போகும். அந்த ஈரம், கேஸ் பீய்ச்சிக் குளிர்கிற குறுகின வாயான எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளேயிருந்தே அரிக்கும். உள்ளே காற்றைக் குளிர்விக்கிற கூலிங் காயில் போனால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

இதெல்லாம் வண்டிக்கு. இனி உனக்கு.

சின்ன வயசில் என் இடது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா இங்க மட்டும் வழுவழுன்னு இருக்கு?" என்று கேட்பாயே. சூடுபட்டது என்று சொல்லி வைத்தேன். சூடு இல்லை, குளிர். 1986இல் ஒரு அம்பாசடர். அப்போதெல்லாம் ஏசி டாஷ்போர்டுக்குக் கீழே பெட்டி மாதிரி தொங்கும். ஹோஸ் முழுக்க லிக்விட் இருக்கும்போதே அவசரத்தில் நட்டைத் தளர்த்திவிட்டேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வலிகூட இல்லை. விரல் மெழுகு மாதிரி வெள்ளையாகிவிட்டது. மூன்றாம் நாள்தான் கொப்புளம் போட்டுத் தோல் உரிந்தது. அது பழைய கேஸ், ஆர் 12. உன் கையில் இருக்கிற ஆர் 134ஏவும் லேசுப்பட்டதில்லை, வெளியே வந்ததும் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

இன்னொன்று, ஹை சைடு, அதாவது கம்ப்ரசர் அழுத்தி வெளியே தள்ளுகிற பக்கம். வண்டி ஓடும்போது அங்கே 200 பிஎஸ்ஐக்கு மேலே நிற்கும். கேனை அந்தப் பக்கம் மாட்டினால் கேஸ் வண்டிக்குள் போகாது, வண்டியிலிருந்து கேனுக்குள் வரும். தகர கேன் எவ்வளவு தாங்கும்? உள்ளங்கையில் பிடித்தபடியே வெடிக்கும். குழாயின் தடிமனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பருத்தது கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்புகிற லோ சைடு, மெலிந்தது ஹை சைடு. ஹோஸ் மாட்டுகிற வாய் மட்டும் தலைகீழ், ஹை சைடில்தான் பெரிசு. குழம்புவதற்கென்றே வைத்த மாதிரி! சீக்கிரம் ஏறட்டும் என்று கேனை வெந்நீரில் முக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

லேபிளைப் படித்துப் பார். ஓட்டை அடைக்கும் மருந்து கலந்தது என்று போட்டிருந்தால் தொடவே தொடாதே. அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, வால்வை அடைக்கும். பிறகு எந்தக் கடைக்காரனும் தன் மிஷினை உன் வண்டியில் மாட்ட யோசிப்பான்.

போன வாரம் ஒரு பையன் வந்தான், "கேஸ் போடுங்கண்ணே" என்று. திறந்து பார்த்தால் முன்னால் கேஸின் சூட்டை ஆற்றுகிற கன்டென்சர் ஃபேன் சுற்றவே இல்லை. ஃப்யூஸ் போயிருந்தது. கேஸ் முழுசாக இருந்தது. உன்னுடையதும் அந்த மாதிரி இருக்கலாம். கேபின் ஃபில்டரைக் கழற்றித் தட்டு, ஏசி போட்டதும் முன்னால் ஃபேன் சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பார். இன்ஜினை அணைத்துவிட்டு, குழாய் இணைப்புகளில் எங்காவது எண்ணெய் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான். இந்த மூன்றும் நீ தாராளமாகச் செய்யலாம். செய்ய வேண்டும் என்றுகூடச் சொல்வேன்.

காசுக்காகத்தான் இதை வாங்கினாய் என்று தெரியும். வண்டி வாங்கின கையோடு அப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். ஏசி மெக்கானிக் மகன் ஆன்லைனில் கேஸ் வாங்கியிருக்கிறான் என்று நம் கடைப் பையன்களுக்குத் தெரிந்தால் ஒரு மாசம் ஓட்டுவார்கள், நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பல்லவன் ரயிலில் வருகிறேன். வேக்யூம் பம்பும் தராசும் கொண்டுவருகிறேன். கேஸ் வாங்க வேண்டாம், உன் கேன் சுத்தமானதென்றால் அதையே அளந்து போட்டுக்கொள்ளலாம். அதுவரை அதை பால்கனி வெயிலிலோ வண்டிக்குள்ளேயோ வைக்காதே. பானட்டைத் திறந்தால் உள்ளே எத்தனை கிராம் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பு, எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி.

அப்பா